பீரங்கி இல்லாத போட்டு

சிங்கப்பூருக்கு நான் போனது பல் கடையும் இயந்திரத்தைப் பழகிக்கொள்ள. தேனி பஜாரில் ஒரு மாடியில் எனக்கு டென்டல் லேப் இருக்கிறது. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட் செய்து திருப்பி அனுப்புவேன். இருபத்தாறு வருடம் கையால் செய்த வேலையை இனிமேல் கம்ப்யூட்டர் வரையும், இயந்திரம் கடையும் என்று ஆகிவிட்டது. இயந்திரத்தை விற்றவர்கள் நான்கு நாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். போனேன், பழகினேன், வந்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நான்கு நாளும் வேலை முடிந்தபின் நான் அலைந்தது ஒரு பிளாஸ்டிக் போட்டுக்காக. அதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பிளாஸ்டிக் மாடல் கிட் செய்வேன். ஒரு பெட்டி, அதற்குள் சட்டம் சட்டமாக நூறு இருநூறு துண்டுகள். வெட்டி, ராவி, ஒட்டி, வர்ணம் அடித்தால் ஒரு கப்பலோ விமானமோ வரும். "பகலெல்லாம் பல்லு, பொழுது சாஞ்சா பொம்மை" என்பாள் என் மனைவி கிரேஸ். இரண்டுக்கும் ஒரே அரம், ஒரே உப்புத்தாள்தான்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு உத்தமபாளையத்திலிருந்து நூர்ஜஹான் என்ற பெண் மாமியாரோடு லேப்புக்கு வந்தாள். மாமியாரின் கீழ் செட் கழுவும்போது கைநழுவி இரண்டாக உடைந்திருந்தது. ஒட்டுகிற வேலைக்கு ஜனங்கள் டாக்டரிடம் போகாமல் நேரே என்னிடமே வந்துவிடுவார்கள். நூர்ஜஹானுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். ஓரத்திலிருந்து பார்வை குறுகிக்கொண்டே வந்து, இப்போது பகலா இரவா என்பது மட்டும்தான் தெரிகிறது. மாமியார் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, என் மேஜையை ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்காரும்போது கை மேஜையில் பட்டது.

"என்னண்ணே இது, மீன் முள்ளு கணக்கா குத்துது?"

"கப்பல்மா. பிளாஸ்டிக்ல செய்யறது. தொட்டுப் பாரு, ஒண்ணும் ஆகாது."

முன்னாலிருந்து பின்னால் வரை விரல் நகர்ந்தது. நடுவில் நின்றது.

"இந்தக் குழாயெல்லாம் எதுக்கு?"

"பீரங்கி. இது போர்க்கப்பல்."

"எங்க வீட்டுக்காரவுக இருக்கிற போட்டுல பீரங்கி இருக்காதுல்ல?"

பல்லில்லாத வாயோடு மாமியார் குறுக்கிட்டார். "அவன் சோறாக்கப் போயிருக்கான். அவனுக்கு எதுக்குடி பீரங்கி?"

அவள் கணவர் சிக்கந்தர் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் டக் போட்டில் இருக்கிறார். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் தானாக நுழைய முடியாது. கயிறு கட்டி இழுத்தும் தோளால் தள்ளியும் அதைக் கரை சேர்க்கிற குட்டிப் போட்டுதான் டக். அதில் பதினான்கு வருடமாகச் சமையல். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார்.

"கண்ணு இருந்தப்ப போட்டோ அனுப்புவாக. போட்டோல மூஞ்சியத்தான பார்த்தோம், போட்டையா பார்த்தோம்?" என்றாள் நூர்ஜஹான். "எனக்குத் தெரிஞ்ச போட்டு தேக்கடிப் போட்டு ஒண்ணுதான். இப்ப போன்ல மேல ஏறுறேங்கிறாக, கீழ இறங்குறேங்கிறாக. எங்கன ஏறுறாக, எங்கன இறங்குறாக, ஒண்ணும் பிடிபடல. போன வருசம் ஏணியில வழுக்கி விழுந்து கால்ல அடி. அதுல இருந்து கடலுக்கு மேல ஏணி தொங்கிக்கிட்டு கிடக்கிற மாதிரியே இருக்கு எனக்கு. வந்துருங்கன்னா, புள்ள காலேஜ் முடிக்கட்டும், இன்னும் ரெண்டு வருசம்கிறாக. அந்தப் போட்டு ஒண்ணு செஞ்சு தாங்கண்ணே. கையால பார்த்துக்கிறேன்."

"அதுக்கென்னம்மா" என்றேன். யோசிக்காமல் வந்த வார்த்தை.

அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் கப்பல் உலகம் முழுவதும் போர்க்கப்பல்தான். நீர்மூழ்கி, விமானம் தாங்கி, ஒரே கப்பலுக்குப் பத்துக் கம்பெனி பத்து அளவில் கிட் போட்டிருக்கிறது. பொதுஜனக் கப்பல் என்று பார்த்தால், பனிப்பாறையில் மோதி மூழ்கிய அந்த ஒரே கப்பல். மீன் பிடிக்கிற போட்டு, அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகிற போட்டு, மண் அள்ளுகிற போட்டு எதற்கும் நல்ல கிட் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் சோப்பு டப்பாவுக்குப் புகைபோக்கி வைத்த மாதிரி இருந்தன. மரத்தில் செய்கிற கிட் உண்டு. ஆனால் பலகை பலகையாக வளைத்து ஒட்ட ஒரு வருடம் வேண்டும், அதிலும் பழைய பாய்மரங்களே அதிகம். சென்னையில் நான் வழக்கமாக வாங்குகிற கடைக்காரர், "டக்கெல்லாம் யாரு சார் கேக்கறா?" என்று போனை வைத்துவிட்டார். இந்த நிலையில்தான் சிங்கப்பூர் அழைப்பு வந்தது. துறைமுகம் உள்ள ஊரில் கிடைக்காமலா போகும் என்று கிளம்பினேன்.

முதல் நாள் பயிற்சி முடிந்ததும் ரயில் ஏறினேன். ஏறியது எதிர்த்திசை ரயில். நம் ஊரில் தப்பான பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் நாலு வார்த்தை திட்டி வீரபாண்டியில் இறக்கிவிட்டுவிடுவார், விஷயம் முடிந்தது. இங்கே திட்டவும் ஆள் இல்லை. கடைசி ஸ்டேஷன்வரை போய், எல்லோரும் இறங்கியபின் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். பெட்டியைத் துடைக்க வந்த அம்மாள், "உட்கார்ந்தே இருங்கள், இதுவே திரும்பிப் போகும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கூடவே, "ஊருக்குப் புதிதா? எல்லோரும் ஒரு தடவை இங்கே வருவார்கள்" என்றார்.

கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். ஒரு சுவர் டாங்கி, ஒரு சுவர் ரோபோ, ஒரு சுவர் போர்க்கப்பல். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த ஒரு சீனர். டக் போட்டு என்றதும் முதலில் சிரித்தார். பிறகு உண்மையாகவே யோசித்தார்.

"இங்கே வாங்குகிறவர்கள் எல்லாம் ஐம்பது வயதுப் பையன்கள்" என்றார். "அவர்களுக்குச் சண்டை வேண்டும். ஒரு அச்சு செய்ய எவ்வளவு ஆகும் தெரியுமா? போர்க்கப்பல் அச்சு முப்பது வருடம் ஓடும். மீன்பிடிப் படகு அச்சை மீனவன் மகன் மட்டும்தான் வாங்குவான். அவனும் போர்க்கப்பல்தான் கேட்கிறான்."

ஏணி போட்டு ஏறி ஒரு பெட்டியை எடுத்தார். திறந்து, ஒரு சட்டத்தின் ஓரத்தைக் காட்டினார். அங்கே இரண்டு டக். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம். பெரிய போர்க்கப்பல்களுக்குப் பக்கத்தில் நிறுத்துவதற்காகக் கூடவே கொடுப்பதாம். உலகத்தில் டக் போட்டு இப்படித்தான் கிடைக்கிறது, ராஜா பல்லக்கோடு பல்லக்குத் தூக்கியும் வருகிற மாதிரி. அறை எல்லாம் அரிசி முனை அளவு. நூர்ஜஹானின் விரலுக்கு அது ஒரு மிளகாய் விதையாகத்தான் தெரியும்.

யாருக்காக என்று சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஒரு நம்பரைத் தேடினார். "தியோ என்று ஒருவர். வாங்கி வாங்கி அடுக்குவார், ஒன்றையும் செய்ய மாட்டார். அவரிடம் ஒரு பழைய டக் உண்டு. முன்பு எப்போதோ வந்து நின்றுபோன கிட். ஆனால் கொடுக்க மாட்டார்."

இரண்டாம் நாள் தியோவை ஒரு சாப்பாட்டுக் கடைக்கூட்டத்தில் பார்த்தேன். கூரை மட்டும் உள்ள பெரிய கொட்டகை, சுற்றிலும் நாற்பது கடை. மீன் உருண்டை போட்ட நூடுல்ஸ் வாங்கித் தந்தார். உருண்டை ரப்பர் பந்து மாதிரி இருந்தாலும் குழம்பு நன்றாகவே இருந்தது. கடைசியில் வாழைப்பழம் வாங்கினோம். ஒரே அளவு, ஒரே மஞ்சள், ஒரு புள்ளி கிடையாது. ருசியும் கிடையாது. சின்னமனூர் பழத்தில் கழித்துப் போடுவதுகூட இதைவிட இனிக்கும்.

தியோ ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மனைவியும் வந்திருந்தார். "கட்டிலுக்கு அடியில், அலமாரியில், குளியலறை மேலே எல்லா இடத்திலும் பெட்டி" என்றார் அந்த அம்மாள். "ரிடையர் ஆனதும் செய்வேன் என்பார். ரிடையர் ஆகி ஒன்பது வருடம் ஆகிறது."

தியோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனில் டக் பெட்டியின் படத்தைக் காட்டினார். நிறம் மங்கிய சிவப்புப் பெட்டி. போட்டு நூற்றில் ஒரு பங்கு அளவு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வரும். கைக்கு வாகானது. "விற்க மாட்டேன்" என்று அதே மூச்சில் சொல்லிவிட்டார். நூர்ஜஹானைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார், சாப்பிட்டார்.

அவர் மெல்லும்போதெல்லாம் 'டக்', 'டக்' என்று ஒரு சத்தம். தொழில் புத்தி, எனக்கு அது காதில் விழாமல் இருக்குமா? "உங்கள் மேல் செட் லூசாக இருக்கிறதே, எத்தனை நாளாக?" என்று கேட்டேன். அவர் சிவந்துபோனார். மனைவிதான் பதில் சொன்னார், "நான்கு வருடமாக. டாக்டரிடம் போக மாட்டார்." பயிற்சி நடக்கிற இடத்தைச் சொல்லி, வந்தால் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் மதியம் தியோ பயிற்சி நடக்கிற இடத்துக்கே வந்தார். பயிற்சி தந்த மலாய்ப் பெண்ணிடம் கேட்டு ஒரு மேஜையை வாங்கிக்கொண்டேன். ஈறு சுருங்கி, செட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு தாள் இடைவெளி. உள்ளே ஒரு படலம் சேர்த்து, உறுத்துகிற விளிம்பை ராவி, பாலிஷ் போட அரை மணி நேரம் ஆனது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார். பல்லைக் கடித்தார். சத்தம் இல்லை. மறுபடி கடித்தார். நான் போட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. போய்விட்டார்.

நான்காம் நாள் காலையில், நான் தங்கியிருந்த விடுதியின் கீழே நின்றுகொண்டிருந்தார். கையில் சணல் கயிறு கட்டிய சிவப்புப் பெட்டி.

"நான் செய்யப்போவதில்லை என்று எனக்கே தெரியும்" என்றார். "ஒரு துண்டு குறையும். வாங்கியபோதே இல்லை. பின்னால் இருக்கிற கொக்கி." பெட்டியை என் கையில் கொடுத்தபின்னும் அதன் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு விட்டார்.

விமான நிலையத்தில் என் பையிலிருந்த ஒட்டும் பசையையும் வர்ணப் புட்டிகளையும் எடுத்துவிட்டார்கள், தீப்பிடிக்குமாம். பெட்டியை எக்ஸ்ரே கதிர்ப்பெட்டிக்குள் இரண்டு தடவை அனுப்பினார்கள். "துப்பாக்கியா, டாங்கியா?" என்று கேட்டார் ஒரு இளைஞர். கப்பல் இழுக்கிற போட்டு என்றேன். மூடியில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதையெல்லாம்கூடச் செய்கிறார்களா!"

மதுரையில் இறங்கி தேனி பஸ் ஏறும்வரை பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. உசிலம்பட்டியில் ஏறிய ஒருவர் என் மடியில் இருப்பது பெட்டி என்று பார்த்ததும் தன் முருங்கைக்காய்க் கட்டை அதன்மேல் வைத்துவிட்டு, "சித்த பிடிச்சுக்கங்க, டிக்கெட் எடுத்துக்கிறேன்" என்றார். வீட்டில் திறந்து பார்த்தால் கொடிமரம் இரண்டாக ஒடிந்திருந்தது. சிங்கப்பூர் கதிர்ப்பெட்டி செய்யாததை முருங்கைக்காய் செய்தது.

பசை இல்லாதது பெரிய குறையில்லை. பல் செட்டுக்குப் பொடி குழைக்கிற திரவம் இந்தப் பிளாஸ்டிக்கையும் இளக்கிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடிக் கம்பிகளை மட்டும் கிட்டில் வந்தபடி வைக்கவில்லை. மயிர் மாதிரி இருந்தால் விரல் பட்டதும் ஒடியும். பல் வரிசைக்குக் கட்டுகிற எஃகுக் கம்பியை வளைத்துப் போட்டேன். அறைகளின் கூரையைத் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி அறுத்தேன். கிட்டில் உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க சிக்கந்தருக்கு போன் போட்டேன். நம்பரை நூர்ஜஹான் கொடுத்திருந்தாள்.

நல்ல மனிதர். உற்சாகமாகச் சொன்னார். கீழ்த்தட்டில் இடப்பக்கம் அடுப்படி, எதிரே படுக்கை, நடுவில் இன்ஜின் ரூமுக்கு இறங்குகிற இரும்பு ஏணி. "ஏணி உள்ளதான் இருக்குண்ணே. ரெண்டு பக்கமும் கைப்பிடி. கடலே தெரியாது." அடுப்பு, பாத்திரத் தொட்டி எல்லாம் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன்.

"இன்னொண்ணு" என்றேன். "பின்னாடி கயிறு மாட்டுற கொக்கி பெட்டியில இல்ல. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, செஞ்சிடுறேன்."

"அதை விட்ருங்களேண்ணே."

"அது இல்லாம டக் போட்டே இல்லையே."

"அண்ணே…" என்று இழுத்தார். "நான் இப்ப அடுப்படியில இல்ல. ஆள் குறைச்சுட்டாக. ரெண்டு வருசமா டெக்குல. கயிறு மாட்டுற வேலை. வீட்ல சொல்லல. போன வருசம் கால் அடிபட்டது ஏணியில இல்லண்ணே. கயிறு அறுந்து அடிச்சுச்சு. அவளுக்குக் கண்ணு போனதுல இருந்து எதைச் சொல்லவும் பயமா இருக்கு."

சரி என்றேன். மறுநாள் ஒரு போட்டோ மட்டும் வந்தது, ஒரு வார்த்தையும் இல்லாமல். துருப்பிடித்த தடித்த கொக்கி, பக்கத்தில் ஆளின் தொடை மொத்தத்துக்கு ஒரு கயிறு.

கொக்கியைச் செய்தேன். ஒட்டவில்லை. "பொஞ்சாதிகிட்ட புருசன் மறைக்கிறதுக்கு நீங்க ஏன் தாளம் போடுறீக?" என்றாள் கிரேஸ். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அந்த மனிதர் கேட்ட குரல் காதிலேயே இருந்தது. கொக்கியைத் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போட்டை அட்டைப்பெட்டியில் மடியில் ஏந்திக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். சின்னமனூரில் வாழைத்தார் லாரி திரும்புகிறவரை பஸ் நின்றது. அதுவரை ஒட்டிவிடலாமா என்று இரண்டு தடவை பையைத் தொட்டேன். கையோடு திரவமும் வைத்திருந்தேன். ஒட்டவில்லை.

உத்தமபாளையத்தில் அவர்கள் வீடு பள்ளிவாசல் தெருவுக்கு அடுத்த சந்து. மாமியார் ஒட்டின பல்லோடு வாசலில் நின்று, "வாங்க வாங்க, நெய்ச்சோறும் தால்சாவும் ஆகுது" என்றார். நூர்ஜஹான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். போட்டை அவள் முன்னால் வைத்தேன்.

முதலில் இரண்டு உள்ளங்கையாலும் முழுதாக அணைத்துப் பார்த்தாள். "கட்டையா இருக்கு. தேக்கடிப் போட்டு மாதிரி நீளமில்ல." பிறகு விரல். முகப்பில் சுற்றிய ரப்பர்த் திண்டு, ஓட்டுகிற அறை, கம்பி. கூரையைக் கழற்றிக் கொடுத்தேன். அடுப்படியைக் கண்டுபிடித்தாள். அடுப்பைத் தொட்டுச் சிரித்தாள். ஏணியில் இரண்டு விரலை மாற்றி மாற்றி வைத்து இறங்கினாள்.

"உள்ளயாண்ணே இருக்கு ஏணி?"

"உள்ளதான்மா."

"கைப்பிடி கூட இருக்கே. இதுல எப்படி விழுந்தாக?"

விரல் கதவு வழியாக வெளியே வந்து பின் தட்டுக்குப் போனது. அங்கே மெல்ல வட்டமிட்டது. நின்றது.

"இங்கன ரெண்டு ஓட்டை இருக்கே. எதுவும் கழண்டு விழுந்துருச்சாண்ணே? பெட்டியில பாருங்க."

இதற்குமேல் என்ன செய்வது? பையிலிருந்து தாளைப் பிரித்துக் கொக்கியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவளே இரண்டு ஓட்டையையும் தடவி, அதைப் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது எதுக்கு?"

"கப்பலை இழுக்கிற கயிறு இதுலதான் மாட்டும்."

"யாரு மாட்டுவாக?"

நான் சும்மா இருந்தேன். அவள் முகம் என் பக்கம் திரும்பியே இருந்தது. பிறகு போனை எடுத்துக் கூப்பிட்டாள். அவர் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க, அந்தப் போட்டுல கயிறு மாட்டுறது யாரு?"

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. "அண்ணன் சொல்லிட்டாரா?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லல. வாயை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருக்காக."

"…நான்தான் நூரு. ரெண்டு வருசமா."

"அப்ப கால்ல?"

"கயிறுதான்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நூர்ஜஹான் போனைப் பார்த்துப் பேசினாள், குரல் ஏறவில்லை. "ஏணி, ஏணின்னு ஒரு வருசமா கண்ணை மூடுனா அந்த ஏணியில நான் இறங்கிக்கிட்டு இருக்கேன். இல்லாத ஏணியில." கட் செய்துவிட்டாள்.

நெய்ச்சோறு அடிப்பிடிக்கிற வாசனை வந்து மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"நீங்களும் பையில வச்சுக்கிட்டுத்தான வந்தீக?" என்றாள்.

"தப்புத்தான்மா" என்றேன். பயணம் முழுக்க நல்ல கிட் இல்லை, நல்ல கிட் இல்லை என்று புலம்பியவன், கிடைத்ததில் ஒரு துண்டை நானே எடுத்து ஒளித்துவைத்தேன்.

போன் அடித்தது. மூன்று தடவை அடித்து நின்று நான்காவது தடவை எடுத்தாள். அழுவாள், வந்துவிடுங்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விரல் கொக்கியின்மேல் இருந்தது.

"கயிறு இதுல இருந்து எந்தப் பக்கம் போகும்?"

"பின்னாடி. கப்பலுக்கு."

"அறுந்தா?"

"ரப்பர் விட்ட மாதிரி திரும்பி வரும். பின் தட்டு முழுக்க வீசும்."

அவள் பின் தட்டின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். முழுவதும் மூடியது. "இம்புட்டும் அடிக்குமா?"

"ம்."

"மாட்டுன பெறகு நீங்க அங்கனயே நிக்கணுமா?"

"நிக்கக் கூடாது. உள்ள போயிரணும்னுதான் சொல்லுவாக. அடுத்த கயிறு கேப்பாகன்னு அங்கனயே நின்னுக்கிறது…"

"உள்ளன்னா, இந்த அடுப்படிக் கதவுக்குள்ளயா?"

"அந்தக் கதவுதான்."

"கொக்கியில இருந்து எத்தனை எட்டு?"

அவர் யோசித்தார். "ஆறு எட்டு இருக்கும்."

"ஆறு எட்டு நடக்கச் சோம்பல்பட்டுத்தான் காலை ஒடிச்சுக்கிட்டீகளா?"

அந்தப் பக்கம் ஒரு மூக்கு உறிஞ்சல் கேட்டது. அவள் விடவில்லை. "நாளையில இருந்து மாட்டுனதும் ஆறு எட்டு. கப்பலைக் கரையில கட்டி முடிச்சதும் உள்ள வந்துட்டேன்னு எனக்கு ஒரு வாய்ஸ் போடணும். பொய் சொன்னா தெரிஞ்சுக்குவேன். ரெண்டு வருசம்னு சொன்னீக, ரெண்டுதான், அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்றார்கள். அடிப்பிடித்ததை ஒதுக்கி மேலாக எடுத்து வைத்தார் மாமியார்.

மூன்று வாரம் கழித்து நூர்ஜஹான் லேப்புக்கு போன் செய்தாள். கொக்கியைச் சரியாக ஒட்டித் தர வேண்டும், அதோடு ஒரு ஆள் வேண்டும் என்றாள்.

"என்ன ஆளு?"

"எங்க வீட்டுக்காரவுகதான். போட்டு அளவுக்கு ஏத்த மாதிரி ஒரு ஆளு செஞ்சு தாங்கண்ணே."

நூற்றில் ஒரு பங்கு என்றால் ஆள் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வருவார். ஆள் செய்து பழக்கமில்லை. பல் செட்டுக்குப் போடுகிற ஈறுப் பொடியிலேயே செதுக்கினேன், நிற்பதற்குத் தோதாகப் பாதத்தை அகலமாக வைத்தேன். அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போனேன். விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். "தொப்பை வைக்கலையா? என்ன நிறம்?"

"ரோஸ். எங்கிட்ட அந்தப் பொடிதான் இருக்கு."

மாமியாரும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். கொக்கியை ஒட்டிவிட்டு, ஆளை எங்கே ஒட்டட்டும் என்று கேட்டேன்.

"ஆளை ஒட்டிராதீக" என்றாள். "நடக்கணும்ல."

பின் தட்டில், கொக்கிக்குப் பக்கத்தில் அவளே அவரை நிறுத்தினாள். அங்கே அன்று காலையில் ஒரு கப்பல் வருகிறதாம், வேலைக்குப் போகும்போதே சிக்கந்தர் போனில் சொல்லிவிட்டுப் போனாராம். நாங்கள் நெல் விலை, மழை, மகள் காலேஜ் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவள் கையை மேஜையை விட்டு எடுக்கவில்லை. அரை மணி நேரம் போயிருக்கும். போன் ஒரு தடவை அதிர்ந்தது. தடவித் திறந்து காதில் வைக்காமல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"நூரு, உள்ள வந்துட்டேன்."

அவள் அந்த ரோஸ் ஆளை எடுத்து, ஆறு தடவை தட்டின்மேல் தொட்டுத் தொட்டு, கதவைத் தாண்டி அடுப்படிக்குள் வைத்தாள். கூரையை மூடினாள்.

"வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்று எழுந்தாள்.